இறந்தகாலத்துக்கு அபராதம் பஜ்ஜி

புதன்கிழமைக்காரர்கள் – அத்தியாயம் பதினொன்று

திங்கட்கிழமை சாயங்காலம் யாசீன் வந்துவிட்டுப் போனதிலிருந்து நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. இதை முதலில் கவனித்தவள் என் மனைவி பாகீரதி. கல்யாணமான நாளிலிருந்து என் ஜோக்குகளை நிறுத்தச் சொல்லிப் போராடி வருகிறவள் அவள். புதன்கிழமை காலையில் காபியை என் முன்னால் வைத்துவிட்டு, "ஏதாவது பேசுங்களேன்" என்றாள்.

"என்ன பேச?"

"எதையாச்சும். காபி நல்லா இல்லேன்னு சொல்லுங்க. ஒங்கம்மா போட்ட காபி மாதிரி வராதுன்னு சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

குடித்துப் பார்த்தேன். அதில் சர்க்கரையே இல்லை. அவளும் என்னைப் போலத்தான் இருக்கிறாள் என்று புரிந்தது. சொல்லாமல் குடித்து முடித்தேன்.

யாசீன் என் நண்பன் ஜமீலின் மகன். விளக்குத்தூண் பக்கம் லுங்கி, துண்டு மொத்த வியாபாரம் செய்து, கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவன் ஜமீல். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். அவனுக்கு வியாபாரம் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்கு இலக்கணம் தெரியும், அவனுக்கு வேண்டாம். இருந்தாலும் இருபது வருடத்துக்கு மேலாக ஒருவரை ஒருவர் 'மாப்ள' என்று கூப்பிட்டுக்கொள்கிறோம்.

ரெண்டு மாதமாக அவனுக்கு வயிற்றுவலி. ஆள் இளைத்துக்கொண்டே வந்தான். எடுத்த பரிசோதனைகளுக்கெல்லாம் முடிவு திங்கட்கிழமை வந்தது. கணையத்தில் புற்று. கத்தி வைக்க முடியாத அளவுக்குப் பரவிவிட்டது. இனி மாதக் கணக்குத்தான் என்று டாக்டர் யாசீனிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார்.

ஜமீலிடம் மட்டும் பித்தப்பையில் கல் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். குவைத்தில் இருக்கும் மகள் நிலோபர் வெள்ளிக்கிழமை வருகிறாள். அவள் வந்து, அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள்தான் சொல்ல வேண்டும் என்பது குடும்பத்தின் முடிவு. அதுவரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது.

ஜமீலின் மனைவி சபியா போனில் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அண்ணே, யாசீன் மொகத்தக்கூட நான் சமாளிச்சுருவேன். ஒங்க மொகந்தான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

எனக்கும் அதுதான் பயம்.

"பேசாம காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுல இருங்க" என்றாள் பாகீரதி.

"நான் போகலேன்னா அவன் நேரா இங்க வந்து என் நெத்தில கைய வச்சுப் பாப்பான்."

"அப்ப போங்க. ஆனா எப்பவும் போல இருங்க."

எப்பவும் போல என்றால் எப்படி என்பது அன்று காலையில் எனக்கு மறந்துவிட்டது.

*

பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், பந்தி போடும் கூடத்தில், புதன்கிழமைதோறும் கூடுகிறது எங்கள் 'ஓய்வு பெற்றோர் நட்பு வட்டம்'. பெயரில்தான் வட்டம். உட்காருவது பந்தி வரிசையில். மின்வாரியம், வங்கி, போக்குவரத்து, வருவாய்த் துறை என்று ஒரு காலத்தில் ஊரையே காக்கவைத்தவர்கள், இப்போது விருந்தினர் எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்துக் காத்திருப்போம்.

வாரம் ஒரு சிறப்பு விருந்தினர் பேச வேண்டும். பல் டாக்டர் ஒருவர் வந்து பல்லைப் பாதுகாப்பது எப்படி என்று பேசினார். கேட்டவர்களில் பாதிப் பேர் பல்லைச் சட்டைப் பையில் பாதுகாப்பாக வைத்திருந்தார்கள். சிரிப்பு யோகா சொல்லித்தர வந்தவர், நாங்கள் சிரித்ததைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார். இன்னும் வரவில்லை.

விருந்தினர் பேசி முடித்ததும் எங்கள் சொந்த நிகழ்ச்சி. அதற்கு 'இருக்கும்போதே' என்று பெயர். அந்தப் பாவத்தைச் செய்தவன் நான்தான்.

உறுப்பினர் ஒருவருக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்குப் புகழ்ந்து தள்ளினார்கள். "இம்புட்டையும் அந்த மனுசன் காதுல போட்டிருந்தா இன்னும் ரெண்டு வருசம் கெடந்திருப்பாரே" என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். தலைவர் தமிழ்மாறன் ஓய்வு பெற்ற தாசில்தார். விளையாட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒழிய அவருக்கு எதுவும் விளையாட்டு இல்லை. அடுத்த வாரமே உத்தரவாகிவிட்டது. வாரம் ஒருவரைக் கூடத்தில் இருக்கும் ஒரே ஒரு கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்து, அவருக்கு நாங்கள் படிக்க வேண்டிய இரங்கலை அவர் முகத்துக்கு நேரே படித்துவிடுவோம்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. அதைப் போட்டவனும் நானே. 'கொடுத்தார்' சொல்லலாம், 'செய்தார்' சொல்லலாம், 'அடித்தார்' என்றுகூடச் சொல்லலாம். 'இருந்தார்' மட்டும் கூடாது. ஆள்தான் எதிரில் இருக்கிறாரே! போனதற்கும் முடிந்ததற்கும் நம் இலக்கணக்காரர்கள் இறந்தகாலம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் சர்வீஸ் முழுக்கக் கரும்பலகையில் அதை எழுதியிருக்கிறேன். ஒருநாளும் கை நின்றதில்லை.

வாய் தவறி 'இருந்தார்' என்று சொல்லிவிட்டால், சொன்னவர் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித்தர வேண்டும். கீழே சோலையம்மாள் கடை. கடைசியாகப் பேசுகிறவன் நான். அதுவரை யாரும் மாட்டவில்லை என்றால் நானே வேண்டுமென்று ஒரு 'இருந்தார்' சொல்லி மாட்டிக்கொள்வேன். மைக்கில் என் குரல் கேட்டதும் சோலையம்மாள் எண்ணெயைக் காயவைத்துவிடும். யார் மாட்டினார்கள், எப்படி மாட்டினார்கள் என்று ஜமீல் வீட்டுக்குப் போய் சபியாவிடம் நடித்துக் காட்டுவான். புதன்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டில் சோற்றுக்கு முன்னால் அதுதான் முதல் பரிமாறல்.

இந்தப் புதன்கிழமை அந்த நாற்காலி ஜமீலுக்கு.

*

யாசீனின் வண்டியிலிருந்து இறங்கி, மாடிப்படியில் பைய ஏறி வந்தான். வெள்ளைச் சட்டை. சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியதாயிற்று. கண்ணின் வெள்ளையில் மஞ்சள்.

"மாப்ள! இன்னைக்கு என்னைய எப்பிடி அடக்கம் பண்ணப்போற?" என்று படியிலிருந்தே கத்தினான்.

மற்ற நாளாக இருந்தால் என்னிடம் பதில் தயாராக இருந்திருக்கும். "வா" என்றேன்.

"என்னடா மூஞ்சி இது? தங்கச்சி காபி குடுக்கலயா?"

"குடுத்தா. வயிறு எப்பிடி இருக்கு?"

"கல்லுதானாம். வெயிலு தணியட்டும், எடுத்துருவோம்கிறாங்க. போன மாசம் கீழக்குயில்குடி போனோம்ல, அங்கிட்டுச் சமணர் மலையில ஒரு துண்ட முழுங்கிட்டேன் போலருக்கு."

அந்தச் சுற்றுலா வட்டத்தின் ஏற்பாடு. முனிவர்கள் படுத்த கல்படுக்கையில் ஜமீல் கையைக் காலை நீட்டிப் படுத்து, "அளவு சரியா இருக்குடா. ஆர்டர் குடுத்து வெட்டுன மாதிரி. கல்லு சும்மா ஜில்லுன்னு இருக்கு, எடுடா போட்டோ" என்றான். எடுத்தேன். போனில் இருக்கிறது. திங்கட்கிழமைக்குப் பிறகு நான் அந்தப் படத்தைத் திறக்கவில்லை.

யாசீன் என்னைப் பார்த்தான். நான் யாசீனைப் பார்க்கவில்லை.

அன்றைய விருந்தினர் முத்துமீனா என்ற பெண்மணி. மாடித்தோட்டம் போடுவது பற்றிப் பேச வந்தவர். எங்களை எல்லாம் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டதால் மின்வாரியம் கருத்தபாண்டி உட்படப் பலர் தூங்காமல் கேட்டார்கள். மண்ணும் எருவும் எப்படிக் கலப்பது, கீரை விதையை எப்படித் தூவுவது என்று செய்தே காட்டினார். கேள்வி நேரத்தில் எங்கள் தரப்பில் எழுந்தது ஒரே கேள்வி. "மாடி ஒழுகுமா?"

கடைசியாக ஒரு தொட்டியைத் தூக்கிக் காட்டினார். முழங்கால் உயரத்தில் ஒட்டு மாங்கன்று. "இத நல்லா வெயில் படுற எடத்துல வச்சாப் போதும்பா. மூணாவது வருசம் காய்ச்சிரும். வீட்டு மாடியிலயே மாம்பழம் பறிச்சுச் சாப்புடலாம்."

"நமக்கு ஒண்ணு!" என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கினான் ஜமீல்.

"இன்னைக்கு ஒங்களுக்குத்தான் விழாவாமேப்பா. இத என் பரிசா வச்சுக்கங்க."

கூட்டம் கை தட்டியது. வாசலோரம் நின்ற யாசீன் சுவரில் இருந்த பந்தி விதிமுறைகளைப் படிக்க ஆரம்பித்தான். இலையில் உணவை வீணாக்காதீர் என்பதை ஒரு மனிதன் அவ்வளவு நேரம் படித்து நான் பார்த்ததில்லை.

ஜமீல் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு கைவைத்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

*

முதலில் கருத்தபாண்டி. "ஜமீல் பாய் தங்கமான மனுசனா இரு..." என்று நிறுத்தி, கூடம் மூச்சைப் பிடித்துக்கொள்ள, "...க்காரு!" என்று முடித்தார். ஒரே சிரிப்பு. ஜமீல் தொடையில் தட்டி, "தப்பிச்சுட்டியே அப்பு" என்றான்.

அடுத்து தமிழ்மாறன். "மேற்படி ஜமீல் என்பவர் மேற்படி வட்டத்தின் ஆயுள் உறுப்பினர்" என்று தொடங்கினார். நிலப் பத்திரம் போல நான்கெல்லை சொல்லாததுதான் குறை.

பிறகு நான்.

மைக்கைப் பிடித்ததும் பின்வரிசையிலிருந்து குரல். "தாத்தா கதை சொல்லுங்க தமிழய்யா!"

அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பார்கள். யாசீன் எட்டாம் வகுப்பில் என் மாணவன். தேர்வில் 'இறந்தகாலத்துக்கு எடுத்துக்காட்டு தருக' என்று கேட்டிருந்தேன். 'எங்கள் தாத்தா' என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையில் ஒரு முட்டை போட்டேன். மறுநாள் லுங்கிக் கட்டு ஏற்றிய வண்டியோடு அவன் அத்தா பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். "எங்கத்தா மௌத்தாகி, அடக்கம் பண்ணி வருசம் திரும்பல. எம்மவன் எழுதுனதுல என்னய்யா தப்பு?" என்று சண்டைக்கு நின்றார். நான் விளக்க வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபமாகப் பார்த்தார், பிறகு அவருக்கும் வந்துவிட்டது. மார்க் போட்டேன். அன்று சாயங்காலம் ஒரு துண்டு கொடுத்தனுப்பினார். எங்கள் 'மாப்ள' அங்கே ஆரம்பித்தது.

ஊர் பூராவும் சொல்லி நான் கைத்தட்டல் வாங்கிய கதை.

"யாசீன் எட்டாப்பு படிக்கிறப்ப ஒரு பரிச்ச வச்சேன்" என்று ஆரம்பித்தேன். ஜமீல் இப்போதே சிரிக்கத் தயாராக முன்னால் சாய்ந்தான். "அதுல, இறந்தகாலத்துக்கு..."

வாசலைப் பார்த்துவிட்டேன். அங்கே யாசீன் நின்றான். தாடியில் நரை தெரிந்தது. அவன் மகளுக்கே இப்போது எட்டு வயது. இனி அந்தக் கேள்வியை எந்த ஆசிரியர் கேட்டாலும் அவள் எழுதும் விடையும் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

தண்ணீர் குடித்தேன். இன்னொரு மடக்கும் குடித்தேன்.

"ஜமீல் அவர்கள் நல்லவர். பண்பாளர். நம்மோடு இருக்கிறார். என்றும் இருப்பார். நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கூடத்தில் யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் இன்னும் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். கீழே எண்ணெய் காயும் வாசனை படியேறி வந்தது.

"என்ன தமிழய்யா, பஜ்ஜி எங்க?" என்றார் கருத்தபாண்டி.

"இன்னைக்கு இலக்கணம் சுத்தமா வந்துருச்சு" என்றேன். யாரோ பாவம் பார்த்துச் சிரித்தார்கள்.

ஏற்புரைக்கு ஜமீல் எழுந்தான். தொட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்தான். வாசலில் நின்ற மகனைப் பார்த்தான். மறுபடியும் என்னைப் பார்த்தான். வாடிக்கையாளர் துண்டை விரித்து உதறும்போது, வாங்குகிறவரா சும்மா பார்க்கிறவரா என்று ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வை.

"எல்லாரும் நல்லாப் பேசுனீங்க. எனக்கு அம்புட்டுப் பேச வராது. ஒரே ஒரு வரி சொல்லிட்டு ஒக்காந்துர்றேன்."

மைக்கைச் சரிசெய்துகொண்டான்.

"பழங்காநத்தம் வட்டத்துல ஜமீல்னு ஒருத்தன் இருந்தான்."

கூடம் வெடித்தது. "மாட்டிக்கிட்டாரு! பாயே மாட்டிக்கிட்டாரு!" என்று கருத்தபாண்டி எழுந்து குதித்தார். தமிழ்மாறன் மேசையைத் தட்டி அபராதத்தை உறுதி செய்தார். யாசீன்கூடச் சிரித்தான். தன்னையறியாமல், பழைய எட்டாம் வகுப்புப் பையனாக, வாய்விட்டு.

"இருந்தான்யா, நல்லாவே இருந்தான்" என்றான் ஜமீல், கையை உயர்த்தி. "கீழ வாங்க எல்லாரும். பஜ்ஜி எங்கணக்கு."

கை தட்டாமல் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். அதையும் அவன் பார்த்தான்.

*

சோலையம்மாள் கடையைச் சுற்றி வட்டம் உண்மையாகவே வட்டமாக நின்றது. ஜமீல் ரெண்டு பஜ்ஜியைத் தாளில் வாங்கிக்கொண்டு, என்னை மாடிப்படிக்கு அடியில் தள்ளிக்கொண்டு போனான்.

"சொல்லு."

"என்னத்த?"

"சர்க்கரைக்காரனுக்கு ரெண்டு நாளாப் பாயாசம் காச்சிக் குடுக்குறா சபியா. யாசீன் கடைக்குப் போகாம என்னையவே சுத்திச் சுத்தி வாரான். சரி, கல்லுக்குப் பயப்படுறாங்கன்னு நெனச்சேன். இப்ப நீ பஜ்ஜி வாங்கித்தர மாட்டேங்கிற. 'ஜமீல் அவர்கள்'ங்கிற. என்னைக்குடா நீ எனக்கு மரியாத குடுத்த?"

"அது வந்து மாப்ள..."

"வேணாம். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சபியா ஒங்கிட்டச் சத்தியம் வாங்கிருப்பா. நான் கேக்குறேன், நீ தலைய மட்டும் ஆட்டு. கல்லா?"

ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கலாம். இத்தனை வருடம் எவ்வளவோ பொய்க்கு ஆட்டிய தலைதான். அது ஆடவில்லை.

ஜமீல் பஜ்ஜியைக் கடித்தான். மெதுவாக மென்றான்.

"உப்பு கம்மி" என்றான். இன்னொரு கடி கடித்துவிட்டு, "எப்பச் சொல்றதா இருக்காங்க?"

"வெள்ளிக்கெழம. நிலோபர் வந்ததும்."

"அதான் திடுதிப்புனு லீவு கெடச்சிருச்சாக்கும் அவளுக்கு." தொட்டியைக் கீழே வைத்தான். "சரி. இங்க பாரு. நீ பள்ளிக்கொடத்துல நாடகமெல்லாம் போட்டவன்ல? அவ சொல்றப்ப நான் மூஞ்சிய எப்பிடி வச்சுக்கணும்னு சொல்லிக் குடு."

"டேய்..."

"சொல்லுடா. எனக்கு முன்னயே தெரியும்னு தெரிஞ்சா, 'அத்தா இத ஒத்தையில தூக்கிச் சொமந்தாரே'ன்னு அதுக்கு வேற தனியா அழுவா புள்ள. விமானத்துல வாரப்பவே எப்பிடிச் சொல்றதுன்னு ஒத்திகை பாத்துக்கிட்டு வருவா. நானும் பாக்கணும்ல."

கண்ணை அகல விரித்து, வாயைத் திறந்து காட்டினான். "இப்பிடியா?"

"இது பல்லு வலி மாதிரி இருக்கு" என்றேன்.

"இப்பிடி?"

"இது கடையில ஐட்டம் திருடு போன மாதிரி இருக்கு."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். திங்கட்கிழமைக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. அது சிரிப்பாகவே நிற்கவில்லை. பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவன் எண்ணெய்க் கையை என் முதுகில் வைத்துத் தட்டினான். சட்டை போய்விட்டது. பாகீரதி திட்டுவாள் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் மனிதனுக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

"அதான். இப்பிடியே இரு" என்றான். "எனக்கு மரியாத குடுக்காத. கடேசி வரைக்கும் குடுக்காத. சபியாக்குத் தெரிய வேணாம். எனக்குத் தெரியாதுன்னே அவ நெனச்சுக்கிட்டு இருக்கட்டும், வெள்ளிக்கெழம வரைக்கும்."

ஆக, அவளுக்கு ஒரு சத்தியம், இவனுக்கு ஒரு சத்தியம்.

"இந்தா" என்று மாங்கன்றை என் பக்கம் நகர்த்தினான். "ஒன் மாடில வை. எங்க மாடில வெயிலு பத்தாது."

அவன் மொட்டை மாடியில் வெயிலைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஒரு காலத்தில் சாயம் போகுமா என்று துண்டுகளை நனைத்து அங்கேதான் காயப்போட்டுப் பார்ப்பான். தொட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

"நீ கெளம்பு. யாசீன் வண்டி எடுக்கப் போயிருக்கான். நான் அவன்கூடப் போறேன்."

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். சோலையம்மாளிடம் இன்னொரு பஜ்ஜிக்குக் கை நீட்டியபடி நின்றான். கொஞ்சம் உப்பு தூவிக் கொடுக்கச் சொல்லியிருப்பான்.

*

"யாருது இது?" என்றாள் பாகீரதி, தொட்டியைப் பார்த்து.

"ஜமீலோடது. மாங்கன்னு. விருந்தாளி குடுத்தாங்க. மூணாவது வருசம் காய்க்குமாம்."

"அண்ணனோடதுன்னா இங்க எதுக்கு?"

அவள் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் சட்டை முதுகில் இருந்த எண்ணெய்க் கையை அப்போதுதான் கவனித்தாள். திட்டவில்லை.

"தெரிஞ்சுருச்சா அண்ணனுக்கு?"

"நான் ஒண்ணும் சொல்லல. அதான் தெரிஞ்சுருச்சு."

அவள் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மாடிக்கு ஏறினோம். நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்துத் தொட்டியை வைத்தேன். "இந்தப் பக்கம் மத்தியானத்துக்கு மேல நெழல் வரும்" என்று அவள் சொன்னாள். நகர்த்தி வைத்தேன். மறுபடியும் நகர்த்தச் சொன்னாள். மறுபடியும் நகர்த்தினேன். இதற்கு முன் இந்த வீட்டில் ஒரு துளசியைக்கூட நாங்கள் இவ்வளவு கவலையாக வைத்ததில்லை.

போன் அடித்தது. சபியா.

"அண்ணே, கூட்டம் நல்லபடியா முடிஞ்சுச்சா? ஒண்ணும் சந்தேகம் வரலயே அவருக்கு?"

"இல்லத்தா. நல்லா சிரிச்சாங்க எல்லாரும். அவன்தான் பஜ்ஜி வாங்கிக் குடுத்தான்."

"அல்லா, இன்னைக்கு அவரே மாட்டிக்கிட்டாரா?" அவள் குரலில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. "அப்ப வந்ததும் அரை மணி நேரம் கத கேக்கணும். சரிண்ணே, வெரசா அனுப்பி வைங்க. சோறு ஆறுது."

"யாசீன் கூட்டியாரலயா?"

"யாசீன் அப்பவே கடைக்குப் போயிட்டானே. தமிழய்யா கூட ஆட்டோல வாரேன், நீ போன்னு அவனை அனுப்பிட்டாராம். நான் போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறாரு. ஒங்க வீட்டுலதான் ஒக்காந்து பேசிக்கிட்டு இருப்பாருன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அண்ணே? எங்கண்ணே இருக்காரு அவரு?"

மொட்டை மாடியில் நின்றால் மேற்கே தூரத்தில் சமணர் மலை தெரியும். வெயிலில் படுத்த மனிதனைப் போல இருக்கும். அவன் அளவு பார்த்துப் படுத்த கல்படுக்கை அங்கேதான்.

"இங்கதான்..." என்றேன். "இப்ப வரைக்கும் எங்கூடத்தான் இருந்தான்."

பாகீரதி கையில் சாய்த்த சொம்பு பாதியில் நின்றது.

அந்தச் சொல்லுக்கு என்ன அபராதம் என்று சபியாவுக்கும் தெரியும்.